டாக்டர் சுப்பராவ் விட்டுச் சென்ற மருந்து

தூத்துக்குடிக் கரையில் முத்தின் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பாண்டியர் காலந்தொட்டு இங்கு மனிதர் மூச்சை அடக்கிக் கடலில் முழுகிச் சிப்பி எடுத்து வந்தனர். 1961-ம் வருஷத்தோடு அந்தப் பெரிய முத்துக்குளிப்பு நின்று போயிற்று. பூமியின் மறுபுறத்தில், நியூயார்க் நகருக்கு வடக்கே, முத்தாறு என்று பொருள்படும் பேர்ல் ரிவர் என்ற சிற்றூர் ஒன்று உளது. அவ்வூரில் அமைந்திருந்த லெடர்லி மருந்து ஆராய்ச்சி சாலையில் எட்டு வருஷ காலம் தலைமை வகித்து உழைத்து, அங்கேயே ஆயுளை முடித்துக்கொண்ட ஒரு மனிதர் நம் பழைய சென்னை மாகாணத்தில் பிறந்தவர், சென்னையில் படித்தவர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பராவ். இன்று நம் ஜில்லாவின் மருந்துக் கடைகளில் அன்றாடம் விற்பனையாகும் மருந்துகளில் சில அவர் ஆராய்ச்சி சாலையில் தோன்றியவை. ஆயினும் அவற்றை வாங்குவோரில் நூற்றுக்கு ஒருவர் கூட அவர் பெயரைக் கேட்டிருப்பரோ என்பது ஐயமே.

ஸ்டிராய்டு என்னும் மருந்து வகையின் நன்மை தீமைகளைப் பற்றி நம் ஜனங்கள் அவசியம் அறிய வேண்டிய காலம் இது. அதனை அறிவதற்கு சுப்பராவின் வாழ்க்கையைவிடச் சிறந்த வாயில் வேறொன்று நமக்குத் தோன்றவில்லை. அதன் காரணத்தை இக்கட்டுரையைப் படித்து முடிக்கும் அன்பர்கள் தாமே உணர்வர்.

சுப்பராவ் 1895-ம் வருஷம் ஜனவரி 12-ம் தேதி, கோதாவரிப் பிரதேசத்துப் பீமவரத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோது அவர் பதினோரு வயதுச் சிறுவர். படிப்பில் அப்போது நாட்டமில்லை. யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று காசிக்கு ஓடப் பார்த்தார். தாயார் வெங்கம்மாள் பிடித்து நிறுத்திப் பள்ளிக்கு அனுப்பினார். தந்தை காலமான பின் அந்த அம்மையார் தம் நகைகளை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் இருந்து தேறினார். பிறகு இராஜதானிக் கலாசாலை. அங்கே சந்நியாசம் கொள்ளும் எண்ணம் அவரைப் பற்றிற்று. இராமகிருஷ்ண மடத்தாரை அணுகியபோது, வைத்தியம் கற்று ஜனங்களுக்குத் தொண்டு செய்யுமாறு அவர்கள் வழிகாட்டினர். இங்ஙனம் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

காந்தியடிகளின் அழைப்பு தேசமெங்கும் முழங்கிய காலம் அது. மாணவர் சுப்பராவ் அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குக் கதர் அங்கி அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் நன்றாகத் தேறியும், அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை அரசாங்க வைத்திய இலாகாவில் உத்தியோகம் தேடியும் பயனில்லை. கதர் அணிந்ததற்காகச் சிறை சென்றோரை நாம் நினைவு கூர்கிறோம். பட்டத்தை இழந்த இவரையும் அவ்வரிசையில் சேர்ப்பதே நியாயம்.

அதற்குள் குடும்பத்தில் இடி விழுந்தது. ஸ்ப்ரூ என்று மேல்நாட்டார் அழைக்கும், கிரகணியை ஒத்த குடல்நோய்க்குச் சகோதரர் ஒருவர் பலியானார். சில தினங்களுக்குள் மற்றொருவரும் மாண்டார். உண்ணும் உணவு உடம்பில் ஒட்டாமல், இரத்தம் வெளுத்து, உடல் மெலிந்து மரணத்தில் முடியும் நோய் அது. சுப்பராவையும் அது பற்றிற்று. ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதி அவர்களின் சிகிச்சையால் அவர் பிழைத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அந்த லட்சுமிபதி அவர்களின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே சில காலம் உடற்கூறு கற்பித்தார். உணவு எவ்வாறு உயிராகிறது, எவ்வாறு ஆகாமற் போகிறது என்ற கேள்வி அவரை அன்று பற்றியது, இறுதிவரை விடவில்லை.

தருமப் பணத்தையும் மாமனாரின் உதவியையும் நம்பி, இளம் மனைவியை ஊரில் விட்டு, 1922-ம் வருஷம் அக்டோபர் மாதம் அவர் பாஸ்டன் நகரில் இறங்கினார். மீண்டும் இந்திய மண்ணை அவர் மிதிக்கவில்லை. பகலில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் படிப்பு. வயிற்றுப் பிழைப்புக்குப் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு வேளைகளில் சிப்பந்தி வேலை. நோயாளிகளின் மலசலக் கலங்களைச் சுத்தம் செய்வதும் அவ்வேலையில் அடக்கம்.

அக்காலத்தில் அதே மருத்துவமனையின் தலைமை அறுவை வைத்தியராக வீற்றிருந்தவர் உலகப் புகழ் பெற்ற ஹார்வி கூஷிங். முகம் சந்திரனைப் போல் உருண்டு, வயிறு பெருத்து, கைகால் மெலிந்து, எலும்பு நொறுங்கி, சிறுநீரில் சர்க்கரை தோன்றும் ஒரு விசித்திர வியாதியை அவர் 1932-ல் விவரித்தார். சிறுநீரகங்களின் தலைமேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்ற சாரத்தை அளவு மீறிச் சுரப்பதால் வரும் கேடு அது என்று பின்னர் தெளிவாயிற்று. அவ்வியாதியை நாம் மறவாது வைத்துக்கொள்வோம். கதையின் பிற்பகுதியில் அது வேறு வேஷத்தில் வரும்.

ஹார்வர்டில் பேராசிரியர் சைரஸ் பிஸ்கேயின் கீழ் சுப்பராவ் உயிர் இரசாயனத்தில் இறங்கினார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க இருவரும் 1925-ல் வெளியிட்ட முறை, தலைமுறை தலைமுறையாக உலகத்துச் சோதனைச் சாலைகளில் கையாளப்பட்டது. 1927-ல் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டு அறிவித்தனர். 1929-ல் ஏ.டி.பி. என்று இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த பொருளைப் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் அதே வருஷம் தனித்து அதனைக் கண்டார்.

முத்துக்குளிப்போர் மரபில் வந்த நம்மவர்க்கு இக்கண்டுபிடிப்பை விளக்குதல் எளிது. மூச்சடக்கி முழுகும் ஆள் கையையும் காலையும் வலித்து இயக்க ஒவ்வொரு தசைக்கும் சக்தி வேண்டும். ஏ.டி.பி. என்பது அச்சக்திக்குரிய சில்லறைக் காசு. கையிருப்பு சில விநாடிகளுக்கே போதும். செலவான காசைப் பிராணவாயுவுக்குக் காத்திராமல் உடனே ஈடு செய்யும் மடிப்பணமே பாஸ்போகிரியேட்டின். தசையின் இயக்கத்துக்கு மூலம் லாக்டிக் அமிலமே என்று நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகள் அதுவரை கூறிவந்த கொள்கை இதனால் ஆட்டங் கண்டது. ஆயினும் ஹார்வர்டில் சுப்பராவுக்கு நிரந்தரப் பதவி வழங்கப்படவில்லை. 1940-ல் அவர் லெடர்லி ஆராய்ச்சி சாலைக்குச் சென்றார்.

அங்கே அவர் கைக்கொண்ட முதற்பெரு வேலைக்கும் இந்தியாவில்தான் வித்து ஊன்றப்பட்டது. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மாது 1928 முதல் பம்பாயில் கர்ப்பிணிகளான ஆலைத் தொழிலாளிகளை ஆராய்ந்து, அவர்களுக்கு வரும் கொடிய சோகை ஈஸ்ட் சாரத்தால் தீருவதைக் கண்டறிந்திருந்தார். அச்சாரத்தில் ஒளிந்திருந்த பொருளே ஃபோலிக் அமிலம். சுப்பராவும் அவர் சகாக்களும் ஈரலிலும் நுண்ணுயிர்களிலும் அதனைத் தேடி, 1945-ல் செயற்கையாகவே தயாரித்து விட்டனர். ஆயிரம் சிப்பியைப் பிளந்து ஒரு முத்து எடுக்கும் பொறுமை அதற்கு வேண்டியிருந்தது. தம் சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு இவ்வமிலம் மருந்தாயிற்று. ஆனால் இருபத்து நான்கு வருஷம் தாழ்ந்து வந்த மருந்து.

அடுத்து அவர் கூட்டத்தார் செய்ததே அதிசயம். செல் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. ஆகவே, பார்வைக்கு அதனைப் போன்றும், செயலில் அதற்கு நேர் விரோதமாகவும் உள்ள பொருளைச் செய்தால், அளவின்றிப் பெருகும் செல்களை அடக்கலாமன்றோ? இவ்வாறு பிறந்தவை அமினோப்டெரினும், அதன் தம்பியாகிய மெத்தோட்ரெக்ஸேட்டும். பாஸ்டன் வைத்தியர் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோயால் மரணத் தறுவாயில் இருந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரினைக் கொடுத்து, 10 பேரிடம் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை 1948 ஜூனில் வெளியிட்டார். யானைக்கால் நோய்ப் புழுவைக் கொல்லும் டை எத்தில் கார்பமசீன் மருந்தும் 1947-ல் அதே ஆராய்ச்சி சாலையிலிருந்து வந்ததே. பிற்காலத்தில் இலட்சத்தீவுகளிலும் காரைக்காலிலும் அம்மருந்தைச் சமையல் உப்பிலேயே கலந்து கொடுத்தனர் என்பது உப்பளம் சூழ்ந்த நம்மூராருக்குச் சுவையான செய்தி.

1948 ஆகஸ்டில் ஓரிரவு உறங்கச் சென்றவர் எழுந்திருக்கவில்லை. வயது 53. அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே, சுதந்திர இந்தியாவைக் காணாமலே மாண்டார்.

அவர் இறந்து ஆறே வாரங்களில் வைத்திய உலகைக் கலக்கிய சம்பவம் ஒன்று நிகழ்ந்தது. செப்டம்பர் 21-ம் தேதி, மின்னஸோட்டா மாகாணத்து மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு மாதுக்குப் பிலிப் ஹெஞ்ச் என்ற வைத்தியர் அட்ரினல் சுரப்பியின் சாரங்களில் ஒன்றான கார்டிசோனை ஊசி மூலம் செலுத்தினார். சில தினங்களில் அம்மாது எழுந்து நடந்தார். உலகம் வியந்தது, 1950-ல் நோபல் பரிசும் வந்தது. கார்டிசோன், பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டிராய்டு வரிசை இவ்வாறு பிறந்தது. மூச்சிரைப்பு, தோல் வியாதி, சிறுநீரக வியாதி முதலிய பலவற்றுக்கும் அது கைகண்ட மருந்தாயிற்று. உயிர் போகும் தருணங்களில் அதற்கு நிகர் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தச் சுகம் கடனாக வந்த சுகம் என்பது விரைவில் தெரிந்தது. மாதக்கணக்கில் ஸ்டிராய்டு உண்டோரின் முகம் உருண்டது, வயிறு பெருத்தது, எலும்பு நொறுங்கிற்று. கூஷிங் கண்ட வியாதியே மருந்துப் புட்டியின் வழியாகத் திரும்பி வந்துவிட்டது! காரணத்தைச் சுருக்கமாகக் கூறுவோம். பஞ்ச காலத்தில் குடித்தனம் நடத்தும் தலைவனைப் போன்றது கார்டிசால். ஆபத்து நேர்ந்தால் தசையைக் கரைத்தாவது ஈரலில் சர்க்கரையைச் செய்து இரத்தத்தில் விடும். இன்சுலினின் கட்டளையை உடம்பு மதியாதபடி செய்யும். சில தினங்களுக்கு இது இரட்சிப்பு. பஞ்சம் இல்லாத காலத்தும் பஞ்சக் கட்டளையே அமலில் இருந்தால் வீடு என்னவாகும்? தசை தேயும், நீரிழிவு வரும், கொழுப்பு வயிற்றிலும் பிடரியிலும் குவியும், எலும்பைக் கட்டும் செல்கள் ஓயும். நம் உடம்பு நாள்தோறும் இயற்கையாகச் சுரக்கும் கார்டிசால், ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கே சமம். அதற்கு மேல் பன்மடங்கு நெடுநாள் உண்டால், வெளியிலிருந்து சரக்கு வருகிறதென்று மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் ஆணையை நிறுத்திவிடும், அட்ரினல் சுருங்கிவிடும். அந்நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே அபாயம்.

வளரும் குழந்தைகளுக்கு வரும் கேடு இன்னும் வருந்தத்தக்கது. பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை ஓயாமல் ஒழுகவிடுவதில்லை. பெரும்பாலும் இரவு உறக்கத்தில் அலையலையாக விடுகிறது. நெடுநாள் ஸ்டிராய்டு அந்த அலைகளைத் தணிக்கிறது. வந்து சேரும் ஹார்மோனும், அதன் ஏவலால் பிறக்கும் ஐ.ஜி.எப்.-1 என்ற வளர்ச்சிப் பொருளும் தம் வேலையைச் செய்யவொட்டாமல் தடுக்கிறது. எலும்பின் முனையில் நீளத்தைக் கூட்டும் குருத்தெலும்புத் தட்டையும் நேராகவே தாக்குகிறது. ஆதலின் நோய் அடங்கிய குழந்தை, வயது ஏறியும் உயரம் ஏறாமல் நிற்கிறது, பருவமடைதலும் தாமதிக்கிறது. பெற்றோர் கண்ணுக்குக் கன்னம் கொழுத்த பிள்ளை ஆரோக்கியமாகத் தோன்றும். அளவுகோல் வேறு சாட்சி சொல்லும்.

இந்தக் கடனிலிருந்து மீட்க வந்த மருந்து எது? அதுவே சுப்பராவின் ஆராய்ச்சி சாலை விட்டுச் சென்றது. 1951-ல் கப்னர் முதலிய நியூயார்க் வைத்தியர்கள் அமினோப்டெரின் முடக்குவாதத்தையும் காளாஞ்சகப் படையையும் தணிப்பதைக் கண்டனர். கார்டிசோனின் ஜொலிப்பில் மயங்கியிருந்த உலகம் அதனைக் கவனிக்கவில்லை. ஒரு தலைமுறை கழிந்து, ஸ்டிராய்டின் வட்டி ஏறிய பிறகே, வைத்தியர்கள் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தேடி வந்தனர். 1988-ல் அமெரிக்க அரசாங்கம் முடக்குவாதத்துக்கு அதனை அங்கீகரித்தது. 1992-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று குழந்தைகளின் மூட்டு வியாதிக்கும் அது பயன் தருவதை நிரூபித்தது. அது பலன் தர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் செல்லும். ஆனால் பலன் தந்தபின் ஸ்டிராய்டைச் சிறுகச் சிறுகக் குறைக்கலாம். குறைத்த குழந்தைகளில் பலருக்கு நின்ற வளர்ச்சி மீண்டும் தொடங்குகிறது. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையிலோ, இரு மருந்துகளும் பகை மறந்து இன்றும் ஒன்றாகவே பணிபுரிகின்றன.

மெத்தோட்ரெக்ஸேட்டும் விளையாட்டுப் பொருளன்று. மூட்டு வியாதிக்கு அதனை உண்பது வாரம் ஒரு நாள் மட்டுமே. தவறி நாள்தோறும் உண்டோர் இறந்ததுண்டு. ஈரலையும் இரத்த அணுக்களையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்; கர்ப்பிணிகள் தொடவே கூடாது. அதன் உபத்திரவத்தைக் குறைக்க வைத்தியர் உடன் எழுதித் தரும் மாத்திரை யாது? ஃபோலிக் அமிலம்! மருந்தும் சுப்பராவினுடையது; அதன் கொடுமையைத் தணிக்கும் துணை மருந்தும் அவருடையதே.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். வைத்தியர் சீட்டின்றி ஸ்டிராய்டு மாத்திரை விற்கலாகாது என்பது சட்டம். அச்சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் அதே மாத்திரையை வாங்கி உண்போர் உப்பளத் தொழிலாளரிலும் துறைமுகத் தொழிலாளரிலும் இல்லையென்று யார் சொல்வர்? முழங்கால் வலி ஒரே நாளில் பறந்தால் ஏழைக்கு அதுவே அமிர்தம். மறுநாள் கூலி அதைப் பொறுத்தது. அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 2021-ல் கொரோனாவின் இரண்டாம் அலையில், கட்டுக்கடங்காத சர்க்கரை வியாதியோடு முறையற்ற ஸ்டிராய்டும் சேர்ந்து, கருப்புப் பூஞ்சை நோய் எத்தனை பேர் கண்ணையும் உயிரையும் கொண்டு சென்றது என்பதைத் தேசம் கண்டது. அந்தப் பாடம் அதற்குள் மறந்து போகலாமா?

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை. மருந்துக் கடைக்காரர் சட்டத்தைக் கைக்கொள்ள வேண்டும். அதிகாரிகள் அதனைக் கண்காணிக்க வேண்டும். மாதக்கணக்கில் ஸ்டிராய்டு உண்ணும் ஒவ்வொருவருக்கும் இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கண், எலும்பு ஆகியவற்றின் சோதனை சர்க்கார் ஆஸ்பத்திரியில் தவறாது கிடைக்க வேண்டும். அவ்வாறு உண்ணும் குழந்தையின் உயரத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்து எழுதி வைக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு சுவரில் ஒரு கோடும் ஒரு துண்டுப் பென்சிலுமே. இரைப்புக்கு மூச்சோடு உள்ளிழுக்கும் ஸ்டிராய்டைக் கண்டு பெற்றோர் அஞ்ச வேண்டாம். அதனால் முடிவில் குறையும் உயரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரே, மூச்சுத் திணறலின் அபாயமோ பெரிது. எந்த ஸ்டிராய்டு மாத்திரையையும் எவரும் தாமே தொடங்கவும் கூடாது, தாமே நிறுத்தவும் கூடாது.

1995-ல் இந்திய அரசாங்கம் சுப்பராவின் நூற்றாண்டுக்குத் தபால் தலை வெளியிட்டது, நன்று. ஆனால் தபால் தலையோடு நன்றி தீர்ந்துவிடாது. சந்நியாசம் வேண்டிச் சென்ற வாலிபரை ஜனங்களுக்குத் தொண்டு செய்ய அனுப்பினர். அவர் செய்து முடித்தார். அத்தொண்டின் பலனை நோயாளியின் கைக்கு ஒழுங்காகச் சேர்ப்பிப்பது வைத்தியர், கடைக்காரர், அதிகாரி, பெற்றோர் ஆகிய நம் அனைவருடைய பொறுப்பு. பொது வேலையில் ஈடுபட்ட வாலிபர்கள் தத்தம் தெருவில் இச்செய்தியை எடுத்துரைக்கத் தொடங்குவார்களாக.